நிறுவனம் வளர்கிறது, நீங்கள் வளர்கிறீர்களா?

சென்னை நுங்கம்பாக்கத்திலும் கோவை ரேஸ்கோர்ஸ் பக்கமும் பழைய ஆடிட்டர் ஆபீஸ்கள் பல இன்று கன்சல்டிங் நிறுவனங்களாகிவிட்டன. ஆடிட், வருமான வரி என்று இரண்டே வேலை பார்த்த இடத்தில் ஜிஎஸ்டி, உள்தணிக்கை, சம்பளப் பட்டுவாடா, நிறுவன மதிப்பீடு, மென்பொருள் மாற்றம் என்று ஏழெட்டுப் பிரிவுகள்.

இதற்குச் சட்டங்களும் கைகொடுத்தன. 1956-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம் ஒரு கூட்டாண்மையில் 20 பேருக்கு மேல் சேரவிடவில்லை. 2008-இல் வந்த எல்எல்பி சட்டம் அந்த வரம்பை எடுத்துவிட்டது. 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம் வந்தபின், பங்குச் சந்தையில் பட்டியலான கம்பெனிகளும் குறிப்பிட்ட அளவைத் தாண்டிய மற்ற கம்பெனிகளும் ஒரே ஆடிட் நிறுவனத்தைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து வைத்துக்கொள்ள முடியாது என்றாகிவிட்டது. பெரிய இடங்களின் கதவு நடுத்தர நிறுவனங்களுக்கும் திறந்தது. 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்ததும் வேலை மலைபோல் குவிந்தது.

இந்த நிறுவனங்கள் சி.ஏ. முடித்தவர்களை மட்டும் எடுப்பதில்லை. இன்டர் பாஸானவர்கள், பி.காம்., எம்.பி.ஏ., பொறியியல் படித்தவர்கள் என எல்லோருக்கும் இடம் இருக்கிறது. 'நாங்க வேகமா வளர்ற ஃபர்ம், இங்க வந்தா நீங்களும் வளரலாம்' என்று நேர்முகத் தேர்வில் சொல்வார்கள். இதில் முதல் பாதி பெரும்பாலும் உண்மைதான். இரண்டாம் பாதி உங்கள் கையில் இருக்கிறது. நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் உங்கள் வளர்ச்சிக்கும் தனித்தனிக் கணக்கு உண்டு. இரண்டையும் சேர்த்து ஓட்டுவது எப்படி என்று பார்ப்போம்.

சேருமுன் ஐந்து கேள்விகள்

நேர்முகத்தின் கடைசியில் 'ஏதாவது கேக்கணுமா?' என்பார்கள். பலரும் 'ஒண்ணுமில்ல சார்' என்று எழுந்துவிடுகிறார்கள். விவரம் கேட்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

1. 'இந்தப் பொறுப்பு புதுசா சார், இல்ல யாராவது விட்டுட்டுப் போன இடமா?' புதிது என்றால், என்ன வேலை என்பது இன்னும் முடிவாகியிருக்காது. நீங்கள்தான் வடிவம் கொடுக்க வேண்டும். ஒருவர் விட்டுப்போன இடம் என்றால், அவர் எத்தனை நாள் இருந்தார் என்று தொடர்ந்து கேளுங்கள்.

2. வளர்ச்சி எதில்? ஆள் எண்ணிக்கை கூடியதா, கிளையன்ட் எண்ணிக்கை கூடியதா, ஒரு கிளையன்ட்டிடம் வாங்கும் கட்டணம் கூடியதா? ஆளும் கிளையன்ட்டும் மட்டும் பெருகிக் கட்டணம் அப்படியே இருந்தால், அங்கே வளர்வது வேலைச்சுமைதான்.

3. மிகப் பெரிய கிளையன்ட் போய்விட்டால் என்ன ஆகும்? இதை இப்படியே கேட்க வேண்டாம். 'எந்தெந்தத் துறை கிளையன்ட்ஸ் அதிகம் சார்?' என்று தொடங்குங்கள். திருப்பூர் ஏற்றுமதியாளர்களை மட்டுமோ ஒரே வாகனக் குழுமத்தை மட்டுமோ நம்பி நிற்கும் நிறுவனம், அந்தத் துறைக்குத் தும்மல் வந்தால் தானும் தும்மும்.

4. ஒரு பார்ட்னருக்குக் கீழே எத்தனை மேனேஜர், ஒரு மேனேஜருக்குக் கீழே எத்தனை ஜூனியர்? இதன் பயனைப் பின்னால் சொல்கிறேன்.

5. என் வேலையை யார் ரிவ்யூ செய்வார்? 'டீமே பாத்துக்கும்' என்று பதில் வந்தால் யாரும் பார்க்கப்போவதில்லை என்று பொருள். ஒருவரின் பெயரைச் சொன்னால், முடிந்தால் அவரோடு பத்து நிமிடம் பேசிவிட்டு வாருங்கள்.

ஆஃபர் லெட்டரில் எதைப் பார்ப்பது?

முதலில் பார்க்க வேண்டியது சம்பளத் தொகையை அல்ல. உங்களை ஊழியராக எடுக்கிறார்களா, 'ரீடெய்னர்' அல்லது 'கன்சல்டன்ட்' என்று எடுக்கிறார்களா என்பதைப் பாருங்கள். தினமும் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே வேலையைத்தான் செய்வீர்கள். கணக்கு மட்டும் அடியோடு மாறும்.

ஊழியர் என்றால் பிஎஃப் உண்டு. அடிப்படைச் சம்பளத்தில் உங்கள் பங்கு 12 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 12 சதவீதம். சட்டப்படி கட்டாயமாகப் பிடிக்க வேண்டியது மாதம் 15,000 ரூபாய் வரையிலான தொகைக்குத்தான் என்பதால், பல இடங்களில் 1,800 ரூபாயோடு நிறுத்திக்கொள்வார்கள். ரீடெய்னர் என்றால் பிஎஃப் கிடையாது; நீங்கள் தனித்தொழில் செய்பவர். கட்டணத்தில் 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்துத் தருவார்கள். 40,000 ரூபாய் என்று பேசினால் கைக்கு வருவது 36,000. பிடித்த 4,000 ரூபாயை ரிட்டர்ன் போட்டுத்தான் திரும்ப வாங்க வேண்டும். சம்பளத்தோடு கூடிய விடுப்பு, நோட்டீஸ் காலம், மருத்துவக் காப்பீடு எல்லாமே கடிதத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு. வீட்டுக் கடனுக்குப் போகும்போது வங்கியில் சம்பளச் சீட்டு கேட்பார்கள் என்பதும் நினைவிருக்கட்டும்.

ரீடெய்னர் முறை தவறு என்று ஒதுக்க வேண்டாம். வாரத்தில் மூன்று நாள் மட்டும் வேலை, மீதி நாளில் சொந்தப் பிராக்டிஸ் என்று நினைப்பவருக்கு அது தோதானது. முழுநேரம் உழைப்பவர் அதை ஏற்பதானால் பிஎஃப், காப்பீடு, விடுப்பு ஆகிய மூன்றின் மதிப்பையும் கூட்டித் தொகையைக் கேட்க வேண்டும்.

வளரும் நிறுவனம் சில எண்ணிக்கைகளைத் தாண்டும்போது சட்டக் கடமைகளும் ஒவ்வொன்றாக வந்து சேரும். 10 பேர் ஆனதும் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்குழு அமைக்க வேண்டும். 20 பேர் ஆனதும் பிஎஃப். 50 பேர் ஆனதும் குழந்தைகள் காப்பக வசதி. ஊருக்கெல்லாம் சட்டம் சொல்லித்தரும் நிறுவனம் தன் வீட்டில் இவற்றைச் செய்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கே நிர்வாகம் எப்படி நடக்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

உங்கள் ஒரு மணி நேரத்தின் விலை

இந்தத் தொழிலில் விற்பனைக்கு இருக்கும் சரக்கு ஆட்களின் நேரம்தான். அதனால்தான் டைம்ஷீட் கேட்டு நச்சரிக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை கடமைக்கு எதையோ நிரப்பிவிட்டுப் போகிறவர், தன் மதிப்பைக் காட்டும் ஒரே ஆவணத்தைத் தானே கெடுத்துக்கொள்கிறார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 240 வேலை நாள், நாளுக்கு 8 மணி என்றால் 1,920 மணி. பயிற்சி, கூட்டம், காத்திருப்பு போக 75 சதவீத நேரம் கிளையன்ட் வேலையில் போகிறது என்று வைத்தால் 1,440 மணி. உங்களுக்காக நிறுவனம் செலவிடுவது மாதம் 35,000 என்றால் ஆண்டுக்கு 4.2 லட்சம். வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு சம்பளத்துக்கு, ஒரு பங்கு வாடகை முதலான செலவுக்கு, ஒரு பங்கு லாபத்துக்கு என்பது இத்துறையின் பழைய வாய்பாடு. அதன்படி நீங்கள் 12.6 லட்சம் ஈட்டித்தர வேண்டும். 1,440-ஆல் வகுத்தால் மணிக்கு 875 ரூபாய்.

இப்போது 2 லட்சம் ரூபாய் நிலைக்கட்டணத்தில் ஒரு வேலை வருகிறது. உங்களைப் போன்றவர்களே முழுக்கச் செய்வதாக வைத்தால் அதில் அடங்குவது சுமார் 230 மணி. முடிக்க 320 மணி ஆனால் மணிக்கு 625 ரூபாய்தான் தேறும். மேனேஜர் முகம் ஏன் சுருங்குகிறது என்று இப்போது புரியும். ஆனால் அந்த 90 மணி ஏன் கூடியது என்பதற்கான பதில் உங்கள் டைம்ஷீட்டில் இருக்க வேண்டும். 'ஆடிட் வேலை, 8 மணி' என்று எழுதினால் உங்கள் வேகம் குறைவு என்று முடிவாகும். 'கிளையன்ட் ஸ்டாக் லிஸ்ட் மூன்று முறை மாற்றித் தந்தார்கள், மறுபடி சரிபார்ப்பு 6 மணி' என்று எழுதினால் அடுத்த ஆண்டு கட்டணத்தை உயர்த்தப் பார்ட்னருக்குக் கையில் ஒரு சான்று கிடைக்கும். அதைக் கொடுத்தவர் நீங்கள் என்பதையும் அவர் மறக்க மாட்டார்.

இன்னொன்று: பதினொரு மணி நேரம் உழைத்துவிட்டு எட்டு என்று எழுதாதீர்கள். நல்ல பெயர் வாங்கத்தான் பலர் இதைச் செய்கிறார்கள். விளைவு, அடுத்த ஆண்டும் அதே வேலைக்கு எட்டு மணிதான் ஒதுக்குவார்கள். அடுத்து வருபவரும் அதில் மாட்டுவார்.

மேலே நாற்காலி இருக்கிறதா?

நான்காவது கேள்விக்கு வருவோம். இத்தகைய நிறுவனங்களின் அமைப்பை நுட்பமாக எழுதியவர் டேவிட் மெய்ஸ்டர். 1993-இல் வெளியான அவருடைய நூல் இத்துறையில் இன்றும் படிக்கப்படுகிறது. லாபத்தைத் தீர்மானிப்பதில், ஒரு பார்ட்னருக்குக் கீழே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்ற விகிதத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்றார் அவர்.

ஒரு பார்ட்னர், இரண்டு மேனேஜர், எட்டு ஜூனியர், ஆகப் பதினொரு பேர் இருக்கும் நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டில் அந்த இரண்டு மேனேஜர்களும் பார்ட்னர் ஆக வேண்டும். அப்போது பார்ட்னர்கள் மூன்று பேர். அதே விகிதம் நிற்க ஆறு மேனேஜர், 24 ஜூனியர் வேண்டும். மொத்தம் 33 பேர். அதாவது வேலை மூன்று மடங்காக வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 25 சதவீதம் வீதம் ஐந்து ஆண்டும் விடாமல் வளர வேண்டும். அப்படி வளர்ந்தால் இன்றைய எட்டு ஜூனியர்களில் ஆறு பேருக்கு மேனேஜர் பதவி. வளராவிட்டால் யாரோ சிலர் வெளியேறத்தான் வேண்டும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் புரியும். ஒன்று, பதவி உயர்வு உங்கள் திறமையை மட்டும் பொறுத்ததல்ல. மேலே நாற்காலி காலியாக வேண்டும் அல்லது புதிதாகப் போட வேண்டும். இரண்டு, புது நாற்காலி போடக் காரணமாக இருப்பவருக்கே அது முதலில் கிடைக்கும். புதிய பிரிவு தொடங்குகிறார்கள், கோவையிலோ ஓசூரிலோ கிளை திறக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் தயங்காமல் கை தூக்குங்கள்.

முதல் மூன்று மாதம்: ஃபைல்தான் உங்கள் முகம்

பெரிய நிறுவனத்தில் ஒரு மாதம் பயிற்சி தருவார்கள். வளரும் நிறுவனத்தில் திங்கட்கிழமை சேர்ந்தால் புதன்கிழமை அம்பத்தூரில் ஏதாவது ஒரு தொழிற்சாலையில் வவுச்சர் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். சொல்லித்தர ஆள் குறைவு. ஆகவே போன ஆண்டு ஃபைலை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை படியுங்கள். ரிவ்யூ பாயின்ட்களைத் தனியாகக் குறித்து வையுங்கள். அந்த மேனேஜரின் கண் எங்கே போகும் என்பது அதில் இருக்கிறது.

வேலையை எழுதிவைக்கும் முறையில்தான் ஆள் எடைபோடப்படுகிறார். கடனாளிகள் பாக்கியைச் சரிபார்த்த இரண்டு குறிப்புகளைப் பாருங்கள்.

முதல் குறிப்பு: 'டெப்டார்ஸ் சரிபார்க்கப்பட்டது. சரியாக உள்ளது.'

இரண்டாவது: 'மார்ச் 31 நிலவரப்படி 142 கணக்குகள். தொகையில் பெரிய 18 பேருக்கு உறுதிக் கடிதம் அனுப்பினோம். 11 பேர் பதில் தந்தார்கள். ஒருவர் சொன்ன பாக்கி 3.4 லட்சம் குறைவு. காரணம்: மார்ச் 29 தேதியிட்ட பில், சரக்கு போய்ச் சேர்ந்தது ஏப்ரல் 2. விற்பனை எந்த ஆண்டில் வர வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். பதில் வராத 7 பேருக்கு ஏப்ரலில் வந்த வரவைப் பார்த்தோம்; 5 பேர் கட்டிவிட்டார்கள், 2 பாக்கி.'

முதல் குறிப்பை எழுதியவரிடம் மேனேஜர் பத்துக் கேள்வி கேட்க வேண்டியிருக்கும். இரண்டாவதை எழுதியவரிடம் ஒரே கேள்விதான்: 'அந்த ரெண்டு பேர் யாரு?' இப்படி எழுதுபவரை இரண்டாம் ஆண்டே சின்னச் சின்ன வேலைகளுக்குத் தலைமை தாங்க அனுப்பிவிடுவார்கள்.

ஆடிட் பிரிவில் இது விருப்பம் சார்ந்ததும் இல்லை. ஆடிட் அறிக்கை தேதியிலிருந்து 60 நாளுக்குள் ஃபைலை முடித்துக் கட்ட வேண்டும், ஏழு ஆண்டாவது வைத்திருக்க வேண்டும் என்பது தணிக்கைத் தரநிலை. நீங்கள் வேலையை விட்டுப் போனபின்னும் உங்கள் குறிப்பு அங்கே இருக்கும்.

கிளையன்ட் இடத்தில்

எம்.டி.யைச் சந்தித்துவிட்டதால் கிளையன்ட்டைத் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலான இடங்களில் சாவி இருப்பது இருபது ஆண்டாக அங்கே கணக்கு எழுதும் அண்ணனிடமோ அக்காவிடமோதான். எந்த பில் எந்த ஃபைலில், ஏன் அந்த எண்ட்ரி அப்படி என்பதெல்லாம் அவர்கள் தலையில் இருக்கும். அவர்களிடம் மரியாதையாகப் பேசுங்கள். வெளியூரிலிருந்து தேர்வு வைக்க வந்தவர்போல நடந்துகொண்டால், கேட்ட காகிதம் கிடைக்கும், கேட்காத உண்மை கிடைக்காது.

தேதி பார்த்துப் போங்கள். 7-ஆம் தேதி டிடிஎஸ் கட்ட வேண்டும். 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1. 20-ஆம் தேதி 3பி. இந்த நாள்களில் போய் உட்கார்ந்து 'அந்த லெட்ஜர் குடுங்க' என்றால் யாருக்கும் பிடிக்காது. வேண்டியதை எல்லாம் ஒரே பட்டியலாக, எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று எழுதி முன்கூட்டியே அனுப்புங்கள். ஒரு நாளில் ஒன்பது வாட்ஸப் செய்தி அனுப்புபவரை யாருக்கும் நினைவில் வைத்துக்கொள்ளப் பிடிக்காது.

தெரியாததைக் கேட்டால் 'பாத்து நாளைக்குச் சொல்றேன் சார்' என்று சொல்வதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. நாளைக்குச் சொல்லாமல் விடுவதில்தான் இருக்கிறது.

'கொஞ்சம் பாத்துக்கோங்க'

கன்சல்டிங் தொழிலில் அதிக நஷ்டத்துக்குக் காரணமான வாக்கியம் இது. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கிளையன்ட்டின் அக்கவுண்ட்ஸ் மேனேஜர் போன் செய்கிறார்: 'தம்பி, ஜிஎஸ்டியிலேர்ந்து ஒரு நோட்டீஸ் வந்திருக்கு. சின்ன விஷயம்தான். கொஞ்சம் பாத்துக்கோங்க.'

வந்திருப்பது ஏஎஸ்எம்டி-10 என்று வைத்துக்கொள்வோம். ரிட்டர்னில் கண்ட முரண்பாடுகளுக்கு விளக்கம் கேட்கும் அறிவிப்பு. பதிலுக்கு அதிகபட்சம் 30 நாள். உள்ளீட்டு வரியை ஆண்டு முழுக்க மாதவாரியாக ஒப்பிட்டுப் பதில் எழுத இருபது முப்பது மணி நேரம் தாராளமாக ஆகும். நிறுவனம் ஒப்புக்கொண்டதோ மாத ரிட்டர்ன் போடுவது மட்டும். 'சரி சார்' என்று சொல்லிவிட்டால் அந்த முப்பது மணியும் இலவசம். 'அது எங்க ஸ்கோப்ல இல்ல' என்று வெட்டிவிட்டால் உறவு கசக்கும்.

நடுவில் ஒரு வழி இருக்கிறது: 'நோட்டீஸை இப்பவே அனுப்பிடுங்க சார். கடைசித் தேதி என்னன்னு பாத்துச் சொல்றேன். பதில் தயார் பண்ண எவ்வளவு வேலை இருக்குன்னு எங்க மேனேஜர் திங்கட்கிழமை காலையில பேசுவாங்க.' இப்படிச் சொன்னால் கிளையன்ட்டுக்குப் பயம் தணிந்தது. கட்டணப் பேச்சு, அதைப் பேச வேண்டியவர் கைக்குப் போனது. உடனே மேனேஜருக்கு இரண்டு வரி மெயில் போடுங்கள். நோட்டீஸின் தேதியை முதல் வரியில் எழுதுங்கள். இந்த இரண்டு வரியால் நிறுவனத்துக்கு ஒரு புது வேலை கிடைத்தது, கொண்டுவந்தவர் நீங்கள்.

வேலையைச் சேர்ப்பவர், வேலையை நடத்துபவர், வேலையைச் செய்பவர் என்று இத்துறையில் மூன்று வகை ஆட்களைச் சொல்வார்கள். ஜூனியராக இருக்கும்போதே மூன்றிலும் சிறிது பழகிக்கொள்வது வளரும் நிறுவனத்தில்தான் எளிது.

செப்டம்பர் வந்தால்

கம்பெனிகளின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கும் வரித் தணிக்கை அறிக்கைக்கும் வழக்கமான கெடு செப்டம்பர் 30. ஆகஸ்ட் பிறந்ததுமே ஆபீஸில் இரவு உணவு ஆர்டர் செய்யத் தொடங்குவார்கள். சீசனில் கூடுதல் நேரம் உழைப்பது இத்தொழிலில் உள்ளதுதான். ஆனால் ஜனவரியிலும் ஜூனிலும் அதே கதை என்றால் அதற்குப் பெயர் சீசன் இல்லை. ஆள் போதவில்லை என்று பொருள்.

2024-இல் புணேயில் ஒரு பெரிய நிறுவனத்தில் சேர்ந்து சில மாதங்களே ஆன இளம் பெண் ஆடிட்டர் இறந்தார். வேலைச்சுமையே காரணம் என்று அவருடைய தாய் எழுதிய கடிதம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. அதன்பின் பல நிறுவனங்களில் பேச்சு மாறியது. நடைமுறையை மாற்ற ஊழியர்களும் வாய் திறக்க வேண்டும்.

'முடியாது சார்' என்று சொல்லச் சங்கடமாக இருந்தால் வேறு விதமாகச் சொல்லலாம்: 'என்கிட்ட இப்ப மூணு ஃபைல் இருக்கு சார். இதையும் எடுத்தா எதைத் தள்ளி வைக்கலாம்னு சொல்லுங்க.' எதைத் தள்ளுவது என்று முடிவு செய்வது மேலதிகாரியின் வேலை. அந்த முடிவை அவரிடமே கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னதை மெயிலில் உறுதி செய்துகொள்ளுங்கள். தொடர்ந்து தூக்கம் கெட்டால், நெஞ்சு படபடத்தால், கெடு தேதி முடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

பெயரைக் காப்பாற்றிக்கொள்ள

ஆர்தர் ஆண்டர்சன் 1913-இல் சிகாகோவில் தொடங்கி, 2002-இல் சுமார் 85,000 பேர் வேலை பார்த்த ஆடிட் நிறுவனம். தன் கிளையன்ட்டான என்ரான் கம்பெனியின் கணக்குகள் தொடர்பான ஆவணங்களை அழித்த வழக்கில் அந்த ஆண்டு ஜூனில் குற்றவாளி என்று தீர்ப்பானது. 2005-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அதற்குள் நிறுவனம் கரைந்துபோயிருந்தது. ஹூஸ்டன் அலுவலகத்தில் சிலர் செய்த காரியத்துக்கு, என்ரான் என்ற பெயரையே வேலையில் பார்த்திராத ஆயிரக்கணக்கானவர்களும் வேலை இழந்தார்கள்.

நம் மேசைக்கு இது எப்படி வரும்? 'தேதியை மட்டும் மாத்திடு' என்று வரும். 'போன வருஷ ஃபைல்ல அந்தத் தாளைச் சேத்துடு' என்று வரும். 'நான் அப்பறம் பாத்துக்கறேன், நீ டிக் பண்ணு' என்று வரும். பார்க்காத எதற்கும் உங்கள் கையெழுத்து வேண்டாம். 'பாத்ததை எழுதறேன் சார், பாக்காததைப் பாக்கலைன்னு எழுதறேன்' என்று சொல்லிப் பாருங்கள். நல்ல மேனேஜர் மதிப்பார். மதிக்காத இடத்தில் எத்தனை ஆண்டு இருந்தாலும் உங்களுக்குச் சேரப்போவது ஒன்றுமில்லை.

இன்னும் இரண்டு வரம்புகள் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கம்பெனிக்கு ஆடிட்டராக இருப்பவர் அதே கம்பெனிக்குக் கணக்கு எழுதுவது, உள்தணிக்கை செய்வது முதலியவற்றைக் கம்பெனிச் சட்டத்தின் 144-ஆவது பிரிவு தடுக்கிறது. பிரிவுகள் பெருகும் நிறுவனத்தில், யாருக்கு ஆடிட், யாருக்கு ஆலோசனை என்பது கலந்துவிட வாய்ப்பு அதிகம். சந்தேகம் வந்தால் வாய்விட்டுக் கேளுங்கள். அடுத்தது, பட்டியலான கம்பெனியின் வெளிவராத விவரம் கையில் இருக்கும்போது அதன் பங்கை வாங்கவோ விற்கவோ கூடாது; வீட்டில் சொல்லவும் கூடாது. செபியின் விதி அது.

போகும்போதும் முறையாக

வளரும் நிறுவனத்தில் மூன்று நான்கு ஆண்டு இருந்தவருக்கு வெளியே நல்ல கிராக்கி இருக்கும். விலகுவது துரோகமில்லை. முறை தவறி விலகுவதுதான் பின்னால் தொல்லை தரும்.

'இங்கிருந்து போனால் இரண்டு ஆண்டு இதே தொழில் செய்யக் கூடாது' என்று ஒப்பந்தத்தில் போட்டிருந்தால் பதற வேண்டாம். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவுப்படி, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. ஆனால் குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் இவ்வளவு தொகை தர வேண்டும் என்ற பாண்டை அப்படி அலட்சியப்படுத்த முடியாது. மூன்று ஆண்டு முடியுமுன் விலகிய அதிகாரி 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. கையெழுத்துப் போடுமுன்னே தொகையையும் காலத்தையும் பேசிக் குறைக்கப் பாருங்கள்.

ஃபைல், எக்செல் மாதிரிகள், கிளையன்ட் தொடர்பு எண்கள் எதையும் பென்டிரைவில் எடுத்துப் போகாதீர்கள். சி.ஏ. உறுப்பினராக இருந்தால் கிளையன்ட்டின் ரகசியத்தை அனுமதியின்றி வெளியிடுவது தொழில் ஒழுங்கீனமும் ஆகும். நீங்கள் எடுத்துப்போகலாம், எடுத்துப்போக வேண்டும் என்பது ஒன்று உண்டு: செய்த வேலைகளின் பட்டியல். எந்தத் துறை, எந்த வகை வேலை, எத்தனை பேர் குழு, உங்கள் பங்கு என்ன என்பதைக் கிளையன்ட் பெயர் இல்லாமல் மாதாமாதம் எழுதி வாருங்கள். அடுத்த நேர்முகத்தில் அதுதான் பேசும்.

ஆண்டுக்கு ஒரு கணக்கு

ஏப்ரலில் அப்ரைசல் படிவம் வரும். அதை நிரப்புமுன் உங்களையே மூன்று கேள்வி கேளுங்கள். போன ஆண்டு தனியாகச் செய்ய முடியாத எந்த வேலையை இந்த ஆண்டு தனியாகச் செய்கிறேன்? என் பெயரைச் சொல்லி எத்தனை கிளையன்ட் போன் செய்கிறார்கள்? எனக்கு ஒரு படி மேலே இருப்பவர் செய்யும் வேலையில் எந்தப் பகுதி இப்போது என் கையில் இருக்கிறது?

மூன்றுக்கும் பதில் இருந்தால் சம்பள உயர்வைத் தயங்காமல், எண்களோடு கேளுங்கள். ஒன்றுக்கு மட்டும் பதில் இருந்தால் மற்ற இரண்டையும் மேனேஜரிடம் எடுத்துப் போய், 'இந்த வருஷம் இது ரெண்டும் எனக்கு வேணும் சார்' என்று சொல்லுங்கள். ஆறு மாதம் பொறுத்துப் பாருங்கள். ஒன்றுக்குமே பதில் இல்லை, நிறுவனத்தில் மட்டும் புதிதாக இருபது பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்றால், பயோடேட்டாவைப் புதுப்பிக்கும் நேரம் வந்துவிட்டது.